என்ன படிச்சே, சாந்தா?

போன்ல, ரெண்டுல எது வாங்கறதுன்னுதானே பாத்துட்டிருக்கீங்க? புஸ்தகம் படிக்கற அந்தச் சின்னக் கலர் ரீடரா, பெரிய டேப்லெட்டான்னு. தப்பா நெனைச்சுக்காதீங்க சார், எட்டிப் பாக்கலீங்க. பக்கத்துல உக்காந்திருக்கேன், கண்ணு தானாப் போயிருச்சு. அந்தப் படம் ரெண்டும் எனக்கு அத்துபடி. எத்தனை கிராம், எத்தனை அங்குலம், பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேனுங்க.

யாருக்கு? அக்காவுக்கா. உள்ள இருக்காங்களா? முதல் வாரமா... ம். நாலு மணி நேரம் ஊசியைக் குத்திப் படுக்க வெச்சுருவாங்க. பொழுது போகணுமேன்னு வெளிய இருக்கற நமக்குத் தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா? இல்லியா. பரவாயில்லீங்க. நானும் போனதில்ல.

இல்லீங்க, இப்ப நான் யார்கூடவும் வரல. எங்க வீட்டம்மாவோட கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் குடுத்திருந்தேன். குடுக்கற கிளார்க் டீ குடிக்கப் போயிருக்காராம். வரட்டும். எனக்கென்ன அவசரம்.

எம் பேரு திருமூர்த்தி. பீளமேட்டுல ஒரு பம்ப் கம்பெனியில பர்ச்சேஸ் செக்‌ஷன், முப்பத்தியொரு வருஷம். ஒரு நட்டு வாங்கணும்னாலும் மூணு இடத்துல கொட்டேஷன் வாங்கி, பக்கத்துல பக்கத்துல எழுதி, கோடு போட்டு, ஒப்பிட்டுப் பாத்துத்தான் வாங்குவேன். நான் வாங்குன சாமான் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லீங்க. ரிட்டயர்மென்ட் அன்னிக்கு மேனேஜரே மைக்ல சொன்னாரு. அதைச் சொல்றது எதுக்குன்னா, எனக்கு வாங்கத் தெரியும். அதுல மாத்துக் கருத்தே இல்லீங்க.

சாந்தாமணி, அவதான் எங்க வீட்டம்மா, அவளுக்கு அம்பத்தி நாலு வயசுல ரெண்டு கிட்னியும் போயிருச்சு. சக்கரைதான். செவ்வாய், வியாழன், சனின்னு வாரம் மூணு நாள் டயாலிசிஸுக்கு இங்க வரணும். காலையில ஏழு மணிக்கு ஸ்கூட்டர்ல கொண்டாந்து விடுவேன். பதினொண்ணரைக்கு வெளிய வருவா. எம் பொண்ணு இந்துமதி ஓசூர்ல இருக்கறா. ஆட்டோவுல கூட்டிட்டுப் போங்கப்பான்னு போன்ல கத்துவா. சாந்தாதான், 'வேண்டாங்க, வண்டியில வந்தா மூஞ்சியில கொஞ்சம் காத்துப் படுது'ன்னு சொல்லுவா.

நான் உள்ள போக மாட்டேன். ரத்தத்தைப் பாத்தா எனக்குத் தலை சுத்துமுங்க. சின்ன வயசுல இருந்தே. அவளுக்கும் தெரியும், 'நீங்க வெளியவே இருங்க'ன்னு அவளேதான் சொல்லுவா. இந்தோ, இதே நாற்காலியிலதான் பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருப்பேன். பத்து மணிக்கு எதிர்த்தாப்புல பேக்கரியில ஒரு டீ, ஒரு தேங்காய் பன்.

சாந்தாவுக்கு ஒரு பழக்கம். வெளிய சொன்னாச் சிரிப்பாங்க. சித்திரக்கதை படிப்பா. ஆமாங்க, பொம்மை போட்டு, பொம்மை வாயில இருந்து பலூன் மாதிரி வந்து அதுக்குள்ள பேச்சு எழுதியிருக்குமே, அந்தப் புஸ்தகம். அவங்கப்பா ரயில்வேயில பார்சல் ஆபீஸ். ஸ்டேஷன் கடையில இருந்து வாராவாரம் வாங்கியாந்து குடுத்துப் பழக்கிட்டாரு. கல்யாணமாகி வரும்போது சேலைப் பெட்டி ஒண்ணு, சித்திரக்கதைப் பெட்டி ரெண்டு. நான் கேட்டேன், 'ஏம்மா, இதெல்லாம் கொழந்தைங்க படிக்கறதாச்சே?' 'நான் கொழந்தையா இருந்தப்பவே வாங்குனதுதாங்க'ன்னா. அப்படித்தான் பேசுவா, எகத்தாளமும் இருக்காது, கோவமும் இருக்காது.

கணபதி ஏரியாவுக்கு வீடு மாறும்போது அந்த ரெண்டு பெட்டிப் புஸ்தகத்தையும் நான் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேனுங்க. கரையான் அரிச்சிருந்துச்சு சார், பாதி. அவ அந்தக் காலிப் பெட்டியைத் தொடைச்சு அதுல கம்பளி வெச்சா.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

இங்க வர ஆரம்பிச்சு ஒரு மாசம் இருக்கும். இட்லி வெச்சுக்கிட்டே சொன்னா. 'ஏனுங்க, இந்து போன்ல ஒண்ணு காட்டுனா. புஸ்தகம் படிக்கறதுக்குன்னே வர்ற மெஷினாம். சின்னதா இருக்குது. ஒத்தைக் கையில புடிச்சுக்கலாமாம். காகிதம் மாதிரியே இருக்குமாம், வெளிச்சம் கண்ணுல அடிக்காதாம். இப்ப கலர்லயும் வந்திருக்குதாம். சித்திரக்கதையெல்லாம் அதுல போட்டுக்கலாம்னா. அது போதுங்க எனக்கு.'

முப்பத்திரெண்டு வருஷத்துல அவளா இது வேணும்னு கேட்டது அதுதான். எனக்குச் சந்தோஷமாப் போச்சுங்க, நெசமா. இதை நல்லாச் செஞ்சு குடுக்கணும்னு நெனைச்சேன். 'இரு, பாத்து வாங்கலாம்'னேன்.

பாத்தேன். மூணு மாசம் பாத்தேனுங்க. பெரிய வெள்ளைத் தாள்ல கோடு போட்டு, இந்தப் பக்கம் கலர் ரீடர், அந்தப் பக்கம் டேப்லெட். சின்னதுக்குத் திரை ஏழு அங்குலம். பெருசுக்குப் பதிமூணு. சித்திரக்கதையோட ஒரு பக்கம் எவ்வளவு பெருசு? அதை ஏழு அங்குலத்துல அடைச்சா பலூனுக்குள்ள இருக்கற எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். பக்கம் திரும்பறதுக்கு ஒரு நொடி முழிக்கும். கலரும் வெளுப்பு. டேப்லெட்டுல பாருங்க, ஒவ்வொரு கலரும் கண்ணைப் பறிக்கும். படிக்கலாம், படம் பாக்கலாம், பாட்டுக் கேக்கலாம், பொண்ணுகூட மூஞ்சி பாத்துப் பேசலாம். ஒரே காசுல நாலு வேலை. அதுல மாத்துக் கருத்தே இல்லீங்க. நீங்களே சொல்லுங்க.

பட்டியலை அவகிட்டக் காட்டுனேன். 'கலர் வெளுத்திருக்கும் சாந்தா. தொவைச்சுத் தொவைச்சுப் போன சேலை மாதிரி.'

'எங்கப்பா வாங்கியாந்ததெல்லாம் அப்படித்தாங்க இருக்கும். மட்டக் காகிதம். கலரு கோட்டைத் தாண்டி வெளிய வந்திருக்கும். நல்லாத்தான் இருக்கும்.'

'பெருசு வாங்குனா உனக்கு எழுத்து பளிச்சுன்னு தெரியும்.'

'தூக்கிப் புடிக்கணுமேங்க. ஊசி குத்துனா ஒரு கைதானே இருக்குது.'

'ஸ்டாண்டு வாங்கிக்கலாம்.'

'சரிங்க.'

தீபாவளிக்கு முன்னாடி கடைக்கே கூட்டிட்டுப் போனேன். நீயே தொட்டுப் பாரு, அப்புறம் சொல்லுன்னு. ரெண்டையும் எடுத்து வெச்சாங்க. அவ அந்தச் சின்னதை வலது கையில எடுத்தா. எடுத்துட்டு என்ன பண்ணுனா தெரியுங்களா, கடைக்கு நடுவுல நின்னுக்கிட்டு, இடது கையை நீட்டி கண்ணாடிப் பெட்டி மேல வெச்சுட்டா, தலையை அப்படியே பின்னால சாய்ச்சு, மெஷினை மூஞ்சிக்கு மேல தூக்கிப் புடிச்சு அண்ணாந்து பாக்கறா. ரொம்ப நேரம். சேல்ஸ் பொண்ணு சிரிச்சிருச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. 'என்ன சாந்தா இது, எல்லாரும் பாக்கறாங்க'ன்னேன். டக்குனு கீழ வெச்சுட்டா. பெருசை எடுத்து ரெண்டு கையிலயும் தட்டு மாதிரி புடிச்சுப் பாத்தா. 'நல்லா இருக்குங்க'ன்னா.

அவ வாயால சொன்னாளுங்க, நல்லா இருக்குன்னு. அப்புறந்தான் வாங்குனேன்.

பதினாலு சித்திரக்கதை வாங்கி நானே அதுல ஏத்துனேன். ஒவ்வொண்ணாத் தேடி. பழைய பெட்டியில இருந்த பேரு ஞாபகம் இருக்கான்னு கேட்டுக் கேட்டு. கிடைச்சது கொஞ்சம், கிடைக்காதது நெறைய. பேப்பர்காரனுக்குப் போட்ட புஸ்தகக் கடனைத் தீத்த மாதிரி ஒரு நிம்மதி எனக்கு. செவ்வாய்க்கிழமை காலையில அதைத் துணிப்பையில வெச்சு, ஸ்டாண்டையும் வெச்சு, அவ தோள்ல மாட்டி உள்ள அனுப்பினேன்.

வெளிய வந்ததும் வண்டியில கேட்டேன். 'என்ன படிச்சே, சாந்தா?'

'படிச்சேங்க. நல்லா இருந்துச்சு.'

'என்ன கதை?'

முதல் ரெண்டு தடவை சரியாச் சொல்லல. 'ஏதோ புதையல் கதைங்க, பாதிதான் ஆச்சு'ன்னா. நான் விடுவேனா? மூணு மாசம் அலைஞ்சு வாங்கியிருக்கேன். ஒவ்வொரு நாளும் கேப்பேன். அப்புறம் அவளே சொல்ல ஆரம்பிச்சுட்டா. வண்டி சத்தி ரோட்டுல திரும்புனதும் எம் முதுகுப் பக்கம் சாய்ஞ்சுக்கிட்டுச் சொல்லுவா. இடது கால் செருப்பை மட்டும் திருடற ஒரு திருடன் கதை. ரயில்ல டிக்கெட் எடுத்துப் போற சர்க்கஸ் யானை கதை. மழையே பெய்யாத ஊர்ல குடை ரிப்பேர் பண்றவன் கதை. படம் படமாச் சொல்லுவா சார். 'இப்பப் பாருங்க, யானை ஜன்னல்ல தும்பிக்கையை வெளிய விட்டிருக்குது, வானம் நல்லா மாம்பழ மஞ்சள், ஸ்டேஷன் மாஸ்டர் கொடி பச்சை'ன்னு. நான் பெருமையாக் கேப்பேன், 'பாத்தியா, அந்த மஞ்சள் சின்னதுல இப்படித் தெரியுமா?' 'தெரியாதுங்க'ன்னு சொல்லுவா.

நான் எல்லாத்தையும் முழுசாக் கேட்டேன்னு சொல்ல மாட்டேன். ஹெல்மெட் போட்டிருப்பேன். காந்திபுரம் சிக்னல்ல பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிப்பான். பாதி காத்துல போயிரும். கேட்டாலும் எனக்கு அந்தக் கதையில எல்லாம் நாட்டமில்லை. யானை ரயில்ல போகுமான்னு நெனைப்பேன். ஆனா அவ குரலு நல்லா இருந்துச்சுங்க. இங்க இருந்து வெளிய வரும்போது துணியைப் பிழிஞ்ச மாதிரி வருவா. கதை சொல்லச் சொல்லக் குரலு தெளிஞ்சுரும். மெஷின் நல்லா வேலை செய்யுதுன்னு நெனைச்சுக்கிட்டேன். டேப்லெட்டைத்தான் சொல்றேன்.

வாங்குன புதுசுல ஒருநாள் மூக்கு மேல வீங்கி, கன்னிப்போயிருந்துச்சு. என்னாச்சுன்னேன். பாத்ரூம் கதவு இடிச்சுருச்சுன்னா.

அஞ்சு மாசம் அப்படிப் போச்சு. பங்குனியில ஒரு திங்கக்கிழமை காலையில காபிக்குப் பாலை அடுப்புல வெச்சுட்டு, 'கொஞ்சம் மூச்சு வாங்குதுங்க, பாலைப் பாத்துக்குங்க'ன்னு நாற்காலியில உக்காந்தா. பால் பொங்கறதுக்குள்ள போயிட்டா. சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தி இல்லீங்களா, அந்த திங்கக்கிழமைதான் ஆபத்தாம். டாக்டர் அப்புறமாச் சொன்னாரு.

காரியமெல்லாம் முடிஞ்சு இந்துமதியும் கிளம்பிப் போயிட்டா. வீட்டுல நான் ஒருத்தன். அப்பத்தான் எனக்கு போறதுக்கு முந்துன சனிக்கிழமை அவ சொன்ன கதை நெனைப்பு வந்துச்சு. பாதியில நின்னுபோன கதை.

மலை மேல ஒரு ஊரு. அங்க ஒரு தபால்காரி, சைக்கிள்ல போய் லெட்டர் குடுக்கறவ. ஒருநாள் ஒரு கவர் வருது. அதுல பேரில்ல, விலாசமில்ல. ஒரு கதவு மட்டும் வரைஞ்சிருக்குது. நீலக் கலர் கதவு. போஸ்ட் மாஸ்டர் குப்பையில போடுங்கறாரு. இவ போட மாட்டேங்கறா. ஒவ்வொரு தெருவாப் போறா, ஒவ்வொரு கதவாப் பாக்கறா. செவப்புக் குடை புடிச்ச ஆளு ஒருத்தன் பின்னாலேயே வர்றான். கடைசியில ஊர் எல்லையில, மலை முடியற இடத்துல, அந்த நீலக் கதவு இருக்குது. தட்டுறா. உள்ள இருந்து 'யாரு?'ன்னு ஒரு குரல் கேக்குது. அது அவளுக்குத் தெரிஞ்ச குரல்.

அவ்வளவுதான் சார். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.

யாரோட குரல்? எனக்கு அதுதான் ஓடிட்டே இருந்துச்சு. சாப்பிட உக்காந்தா அது, குளிக்கப் போனா அது. பொண்டாட்டி செத்து இருபது நாள் ஆகல, இவன் பொம்மைக் கதைக்கு முடிவு தேடறான்னு நீங்க நெனைப்பீங்க. எனக்கே அப்படித்தான் இருந்துச்சு. சரி, டேப்லெட்டுல இருக்குமேன்னு எடுத்தேன். அதுவரைக்கும் நான் அதுல கிரிக்கெட் பாத்திருக்கேன், நியூஸ் பாத்திருக்கேன். ஞாயித்துக்கிழமையெல்லாம் எங்கிட்டத்தான் இருக்கும். அவ புஸ்தகம் இருக்கற பக்கத்தை மட்டும் தொறந்ததில்ல.

தொறந்தேன். பதினாலு அட்டைப்படம் வரிசையா இருந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் கீழ எத்தனை சதவீதம் படிச்சிருக்குன்னு அதுவே காட்டும். முதல் புஸ்தகத்துக்குக் கீழ மூணு சதவீதம். மீதிப் பதிமூணுக்கும் கீழ 'புதியது'ன்னு இருந்துச்சு.

மெஷின்ல கோளாறுன்னு நெனைச்சு, வாங்குன கடைக்கே கொண்டு போனேன். அந்தப் பையன் பாத்துட்டு, 'கோளாறெல்லாம் இல்ல சார், இதையெல்லாம் யாரும் தொறக்கவே இல்ல'ன்னான். உனக்குத் தெரியாது தம்பின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வந்து, நானே படிக்க ஆரம்பிச்சேன். பதினாலும். என் வாழ்க்கையில முதல் தடவையாச் சித்திரக்கதை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ஒரு நாளைக்கு இருபது பக்கம், முப்பது பக்கம். ரெண்டு மாசமாச்சு. துப்பாக்கி வந்துச்சு, குதிரை வந்துச்சு, கடல் கொள்ளைக்காரன் வந்தான். தபால்காரி வரலீங்க. செருப்புத் திருடன் வரல. யானை ரயில்ல ஏறவே இல்ல.

இந்துமதிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். 'அம்மா அப்படி ஒரு கதை சொன்னதே இல்லியேப்பா'ன்னா. அப்புறம், 'உங்களுக்குத்தான் சொன்னாங்களா?'ன்னு கேட்டா.

அப்பத்தான் இங்க வந்தேன். ஆனி மாசம். உள்ள ரெஜினான்னு ஒரு டெக்னீசியன் பொண்ணு இருக்குது, பாத்திருப்பீங்க, ஊசி குத்தற பொண்ணு. சாந்தா வாய்ல அந்தப் பேரு அடிக்கடி வரும். ரெஜினா குத்துனா வலிக்காதுங்கன்னு சொல்லுவா. அந்தப் பொண்ணை வெளிய கூப்பிட்டுக் கேட்டேன். 'ஏம்மா, எங்க வீட்டம்மா இங்க படுத்துக்கிட்டு என்ன படிச்சா?'

அது என்னை ஒரு மாதிரி பாத்துச்சு. 'சார், அம்மா படிக்க மாட்டாங்களே.'

'டேப்லெட்டு குடுத்து விட்டனே?'

'ஆரம்பத்துல ஒரு ரெண்டு வாரம் முயற்சி பண்ணுனாங்க சார். இடது கையில ஊசி இருக்கு, அசைக்கவே கூடாது. அம்மாவுக்கு பிரஷர் வேற இறங்கிரும், தலைப்பக்கத்தை இறக்கி மட்டமாப் படுக்க வெச்சுருவோம். மட்டமாப் படுத்துக்கிட்டு ஒத்தைக் கையில அவ்வளவு பெருசை எப்படி சார் தூக்கிப் புடிப்பாங்க? மேல ட்யூப்லைட் வேற, கண்ணாடி மாதிரி அதுல அடிக்கும். ஸ்டாண்டெல்லாம் நாங்க விட மாட்டோம், ரத்தம் போற ட்யூப்ல மாட்டிக்கும். ஒருநாள் கை நழுவி மூக்கு மேலேயே விழுந்துருச்சு. அதுக்கப்புறம் பையை விட்டு வெளியவே எடுக்கறதில்ல.'

'அப்புறம் நாலு மணி நேரமும் என்ன பண்ணுவா?'

'கண்ணை மூடிட்டு இருப்பாங்க சார். வாய் மட்டும் அசையும். மந்திரம் சொல்றாங்களோன்னு நெனைச்சு ஒருநாள் கேட்டேன். "இல்ல கண்ணு, எங்க வீட்டுக்காரரு வண்டியில கேப்பாரு, என்ன படிச்சேன்னு. கதை ரெடி பண்ணிட்டிருக்கேன்"னாங்க. படிக்க முடியலன்னு சொல்லிற வேண்டியதுதானேம்மான்னு கேட்டேன். "மூணு மாசம் உக்காந்து தேடி வாங்குனாரு கண்ணு"ன்னாங்க.'



அப்புறம் கேட்டேன். அந்த நேரத்துலயும் கேட்டேன் பாருங்க. 'தபால்காரி கதைன்னு ஒண்ணு. நீலக் கதவு. அதோட முடிவு உங்கிட்டச் சொன்னாளா?'

'இல்ல சார். முடிவு எப்பவும் யோசிச்சு வெச்சுக்க மாட்டாங்க. வண்டியில சொல்லிட்டுப் போறப்பத் தானா வரும்னு சொல்லுவாங்க.'

காலை ஷிப்ட் முடிஞ்சு அடுத்த ஷிப்டுக்குப் படுக்கை தொடைச்சுட்டிருந்தாங்க. நான் அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டேன், அவ படுத்த இடத்தைக் காட்டுன்னு. அன்னிக்குத்தான் முதல் தடவையா அந்தக் கதவுக்கு உள்ள போனேன். மூலையில, ஜன்னல் இல்லாத பக்கம். நான் படுத்தேன். 'சார், வேண்டாம்'னுச்சு. 'ரெண்டே நிமிஷம்மா'ன்னேன். இடது கையை நீட்டிப் பலகை மேல வெச்சேன். தலைப்பக்கத்தை இறக்கச் சொன்னேன். பையில இருந்து டேப்லெட்டை எடுத்து வலது கையில புடிச்சு மூஞ்சிக்கு மேல தூக்குனேன். எனக்கு ஒரு நோயும் இல்லீங்க. மூட்டை தூக்குன கை இது. அஞ்சு நிமிஷத்துல மணிக்கட்டு நடுங்க ஆரம்பிச்சிருச்சு. படம் ஒண்ணும் தெரியல, ட்யூப்லைட்டும் எம் மூஞ்சியும்தான் தெரிஞ்சுது. ஏழாவது நிமிஷம் கையை இறக்கிட்டேன்.

அடுத்த ஷிப்ட்டு அம்மா ஒருத்தங்க பையோட வந்து காலடியில நின்னாங்க. 'எந்திரிங்கண்ணா, என் இடம்'னாங்க. எந்திரிச்சு வந்துட்டேன்.

ஒண்ணு மட்டும் எனக்கு ஆறலீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? இது முடியலைங்க, சின்னது வேணும்னு. ஓடிப்போய் வாங்கியாந்திருப்பேனே. சொன்னாத்தானே தெரியும்? நான் என்ன உள்ள வந்து பாத்தனா? இந்துமதிகிட்ட இதைச் சொன்னேன். 'அம்மா சொன்னாங்கப்பா'ன்னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டா. எப்பச் சொன்னான்னு கேக்கத் திரும்பப் பண்ணுனேன், எடுக்கல.

எனக்கு அந்த டேப்லெட்டு மேல இப்பவும் குறை இல்ல. திரை அதுதான் உசத்தி. பட்டியல் வீட்டுல இருக்குது, வேணும்னா நாளைக்குக் கொண்டாந்து காட்டறேன்.

அறுவது கதை சொல்லியிருப்பா சார். கணக்குப் போட்டுப் பாத்தேன், வாரம் மூணு, அஞ்சு மாசம். எனக்கு ஞாபகம் இருக்கறது ஒம்போது. அதுல முடிவோட ஞாபகம் இருக்கறது நாலு. அந்த நாலை ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். எழுதும்போது யானை போன ரயில்ல வானம் மஞ்சளா செவப்பான்னு சந்தேகம் வந்துருது. மஞ்சள்தான். மாம்பழ மஞ்சள்.

அந்தத் தபால்காரி கதைக்கு நானே ஒரு முடிவு வெச்சுப் பாத்தேன். அவங்கப்பா குரல்னு வெச்சேன். சரியா வரல. அவ புருஷன் குரல்னு வெச்சுப் பாத்தேன். அப்ப எதுக்கு விலாசமில்லாம லெட்டர் போடறான்? வீட்டுலயேதானே இருந்திருப்பான்? எனக்கு அந்த வேலையெல்லாம் வராதுங்க. கொட்டேஷன் பாக்கத்தான் வரும்.

கிளார்க் வந்துட்டாரு போல. இருக்கட்டும், அவரு உக்காரட்டும்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லிட்டுப் போயிர்றேன். வண்டி வந்துட்டிருக்குது. அன்னிக்கு அவளுக்குக் குரலு நல்லாத் தெளிவா இருந்துச்சு. கதவைத் தட்டுறா, உள்ள இருந்து யாருன்னு கேக்குது, அது அவளுக்குத் தெரிஞ்ச குரல்னு சொல்லிட்டு ஒரு நொடி நிறுத்துனா. அப்பப் பாத்துப் பெட்ரோல் பங்க் வந்துருச்சு. முள்ளு ரிசர்வுல நின்னுச்சு. 'இரு சாந்தா, பெட்ரோல் போட்டுக்கறேன், இறங்கி அந்தப் பக்கம் நெழல்ல நில்லு'ன்னேன். நின்னா. எனக்கு முன்னால நாலு வண்டி. போட்டேன். அப்படியே காத்தும் புடிச்சேன். வந்து ஏறிக்கிட்டா.

பங்குல இருந்து எங்க வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்குமுங்க. அவ என் தோள்ல கையை வெச்சுக்கிட்டுச் சும்மாவே வந்தா. 'அப்புறம்?'னு நான் கேப்பேன்னு பாத்திருப்பா. நான் பின் டயர்ல காத்து எவ்வளவு கம்மியா இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். அவ 'ம்', 'ம்'னு கேட்டுட்டு வந்தா.